பந்திக்கு முந்து: டி.ஓ. மருத்துவக் கல்லூரி விண்ணப்பச் சேவை ஏ.ஏ.கோமாஸ் எப்படி?

அமெரிக்காவில் மருத்துவராக இரண்டு பட்டங்கள் உண்டு: எம்.டி., டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்). முன்னதற்கு விண்ணப்பிக்க ஆம்காஸ் எனும் பொது விண்ணப்பச் சேவை, பின்னதற்கு ஏ.ஏ.கோமாஸ். ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் நடத்தும் இந்தச் சேவையில் ஒரே படிவத்தை நிரப்பி, 60க்கும் மேற்பட்ட இடங்களில் இயங்கும் 40க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் வேண்டியதைத் தேர்ந்து அனுப்பலாம். டெக்சாஸ் மட்டும் தனிக் குடித்தனம்: போர்ட் வொர்த்திலுள்ள பழைய அரசு டி.ஓ. கல்லூரிக்கு அந்த மாநிலத்தின் சொந்த விண்ணப்பச் சேவையான டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். வழியாகத்தான் போக வேண்டும்.

சேவைக்கு மதிப்பெண் 5க்கு 3. படிவம் நன்றாக இருக்கிறது, ஆம்காஸைவிட இடமும் தாராளம். ஆனால் உங்கள் விண்ணப்பம் எப்போது வரிசையில் நிற்கத் தொடங்குகிறது என்பதைப் பணம் கட்டும் நேரத்தில் அது உரக்கச் சொல்வதில்லை. இங்கே விண்ணப்பங்கள் வந்துசேரும் வரிசையிலேயே இடங்கள் நிரப்பப்படுகின்றன. பந்திக்கு முந்த வேண்டிய ஊரில் அந்த மௌனம் சின்னக் குறை அல்ல.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். லண்டனிலோ சிட்னியிலோ இருக்கும் உறவினரிடம் பிள்ளை ஆஸ்டியோபதி படிக்கப் போகிறாள் என்றால், "மருத்துவம் கிடைக்கலையா?" என்று கேட்பார்கள். அந்த நாடுகளில் ஆஸ்டியோபத் என்பவர் கையால் மூட்டு, தசை சிகிச்சை செய்பவர். மருந்து எழுதும் மருத்துவர் அல்ல. அமெரிக்க டி.ஓ. அப்படியல்ல. 50 மாநிலங்களிலும் எம்.டி.க்கு உள்ள அத்தனை உரிமையும் உண்டு. அறுவை சிகிச்சை உட்பட எந்தத் துறைக்கும் போகலாம். 2020 முதல் இரு பட்டத்தாரின் ரெசிடென்சி எனும் பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சியும் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்துவிட்டது. கூடுதலாக, ஓ.எம்.எம். எனும் கைச்சிகிச்சைப் பாடம் ஏறத்தாழ 200 மணி நேரம்.

படிவம்

மே மாதத் தொடக்கத்தில் திறக்கும். கல்லூரிகளுக்கு விண்ணப்பங்கள் போகத் தொடங்குவது ஜூன் நடுவில். கட்டணம் முதல் கல்லூரிக்கு 200 டாலரை ஒட்டி வரும்; அடுத்த ஒவ்வொன்றுக்கும் 50 டாலருக்கு மேல். 15 கல்லூரி என்றால் ஆயிரம் டாலரைத் தொட்டுவிடும். வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டண விலக்கு உண்டு. அதற்கு முதலிலேயே விண்ணப்பித்து, பதில் வந்த பிறகுதான் பணம் கட்டும் பக்கத்துக்குப் போக வேண்டும். கட்டியதைத் திருப்பித் தர மாட்டார்கள்.

தன்விளக்கக் கட்டுரைக்கு இடைவெளி உட்பட 5,300 எழுத்துகள். ஆம்காஸிலும் இதே அளவுதான். அதனால் எம்.டி.க்கு எழுதியதை அப்படியே கொண்டுவந்து ஒட்டுபவர்கள் ஏராளம், கடைசிப் பத்தியில் "ஓர் எம்.டி. மருத்துவராக" என்ற தொடர் மாற்றப்படாமலே கிடக்கும். ஒருமுறை சமர்ப்பித்தால் கட்டுரையைத் தொட முடியாது, எல்லாக் கல்லூரிக்கும் அதேதான் போகும். ஒரு கல்லூரியின் பெயரை உள்ளே எழுதினால் மற்ற பதினான்கும் அதைப் படிக்கும்.

அனுபவப் பகுதி இந்தச் சேவையின் சிறந்த பகுதி. ஆம்காஸில் 15 இடம்தான். இங்கே அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒவ்வொன்றுக்கும் 600 எழுத்துகள். தாராளமாக இருக்கிறதே என்று பள்ளிக்கால நடனப் போட்டி வரை அடுக்க வேண்டாம். இதில் கவனிக்க வேண்டியது மணிக்கணக்கு. வாரத்துக்கு எத்தனை மணி, எத்தனை வாரம் என்று போட்டால் படிவமே பெருக்கிவிடும். மூன்று மாதக் கோடை வேலைக்கு வாரக் கணக்கைத் தவறாகப் போட்டுவிட்டால், 200 மணி நேர வேலை 2,000 ஆகிவிடும். நேர்காணலில் அதைப் பார்த்துவிட்டு ஒருவர் புருவம் உயர்த்தினால் சமாளிப்பது கஷ்டம். சமர்ப்பித்த பிறகு புதிய அனுபவத்தைச் சேர்க்கலாம்; பழையதைத் திருத்த முடியாது.

டிரான்ஸ்கிரிப்ட்: எல்லாம் இங்கேதான் நிற்கும்

பணம் கட்டியதும் "பெறப்பட்டது" என்று நிலை மாறும். பலர் அத்துடன் நிம்மதியாகிவிடுகிறார்கள். வரிசை அப்போது தொடங்குவதில்லை. நீங்கள் படித்த எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் கடைசி டிரான்ஸ்கிரிப்ட் (பாடவாரியான மதிப்பெண் தாள்) வந்து சேர்ந்து, நிலை "முழுமை" என்று மாறும் நாளில்தான் சரிபார்ப்புக்கு டோக்கன் விழும். அங்கிருந்து கூட்ட காலத்தில் நான்கு முதல் ஆறு வாரம். ஜூன் முதல் வாரத்தில் பணம் கட்டி, ஒரு டிரான்ஸ்கிரிப்ட் ஜூலைக் கடைசியில் வந்தால், கல்லூரியின் கையில் விண்ணப்பம் செப்டம்பரில்.

எல்லாக் கல்லூரிகளும் என்றால் எல்லாம்தான். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் எடுத்த ஒரே ஒரு கால்குலஸ் பாடத்துக்கும் அந்தக் கல்லூரியிலிருந்து தனி டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும். அந்த கிரெடிட் பின்னர் படித்த பல்கலைக்கழகத்தின் தாளில் இருக்கிறதே என்று விடக் கூடாது. அதே பாடத்தை இரண்டு இடத்திலும் பதியவும் கூடாது; முதலில் எங்கே எடுத்தீர்களோ அங்கே மட்டும். ஏ.பி. தேர்வு (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு) கிரெடிட்டுகளை, அவற்றை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகத்தின் முதல் பருவத்தில், மதிப்பெண் இல்லாத கிரெடிட்டாகப் போட வேண்டும்.

பாடங்களை நீங்களேதான் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும்: குறியீடு, தலைப்பு, கிரெடிட், கிரேடு எல்லாம் தாளில் உள்ளபடியே. டிரான்ஸ்கிரிப்டை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், ஞாபகத்திலிருந்து வேண்டாம். பாதியில் விலகிய பாடம், திரும்ப எடுத்த பாடம், தனி கிரெடிட் உள்ள லேப் ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். விட்டுப்போனால் விண்ணப்பம் "வழங்கப்படவில்லை" என்ற நிலையில் உங்களிடமே திரும்பும். திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும், வாரங்கள் கரையும். மின்னஞ்சலை ஸ்பேம் பெட்டி விழுங்கிவிட்டால் திரும்பி வந்ததே தெரியாமல் ஒரு மாதம் போய்விடும். வாரம் இருமுறை தளத்தில் நுழைந்து நிலையைப் பார்ப்பது நல்லது. கூடுதல் பணம் கட்டினால் அவர்களே பாடங்களைப் பதிந்து தருவார்கள். நான்கைந்து கல்லூரி மாறிப் படித்தவருக்கு அது தகும். ஒரே இடத்தில் படித்தவருக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும்.

வசந்த பருவ கிரேடுகள் தாளில் ஏறும் முன்னரே டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பிவிடுவது இன்னொரு வழக்கமான தவறு. அந்தக் கிரேடுகள் கணக்கில் வர வேண்டுமென்றால் காத்திருந்து, ரெஜிஸ்ட்ரார் ஏற்றிவிட்டார் என்று உறுதி செய்துகொண்டு அனுப்புங்கள். நூலக அபராதம் போன்ற சில்லறை பாக்கிக்காகவும் தாளை நிறுத்தி வைப்பார்கள். ஏப்ரலிலேயே பார்த்துத் தீர்த்துவிட வேண்டும். அனுப்பும்போது படிவம் தரும் அடையாள எண்ணைச் சேர்ப்பது கட்டாயம். அது இல்லாத தாள் யாருடையது என்று தேடுவதற்குள் பொங்கல் வந்துவிடும்.

தமிழ்ப் பெயர்களுக்கு இதில் தனிச் சிக்கல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, கல்லூரியில் இனிஷியல் மட்டும், எம்கேட் எனும் மருத்துவ நுழைவுத் தேர்வுக் கணக்கில் இரண்டும் சேர்த்து ஒரே சொல்லாக என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தால், வந்த தாள் விண்ணப்பத்தோடு ஒட்டாமல் தனியே கிடக்கும். வேறு பெயரில் ஆவணங்கள் உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. அதைத் தாண்டிப் போகாமல் எல்லா வடிவங்களையும் எழுதிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. முடித்து அமெரிக்கா வந்தவர்கள், டபிள்யூ.இ.எஸ். போன்ற நிறுவனத்திடம் பாடவாரியான மதிப்பீடு வாங்கி அனுப்ப வேண்டும். அதைவிடப் பெரிய தடை வேறு: பல கல்லூரிகள் அமெரிக்கக் கல்லூரியில் 90 கிரெடிட், அல்லது இளநிலைப் பட்டத்தின் முக்கால் பங்கு படித்திருக்க வேண்டும் என்கின்றன. எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான விசா) உள்ள பிள்ளைகள் இதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குடியுரிமையோ பச்சை அட்டையோ இல்லாதவர்களை எடுக்காத கல்லூரிகள் நிறைய. பணம் கட்டும் முன் ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் இதைத் தேடிப் படியுங்கள், ஏ.ஏ.கோமாஸ் உங்களைத் தடுத்து நிறுத்தாது, பணத்தை வாங்கிக்கொள்ளும்.

ஜி.பி.ஏ.வும் எம்கேட்டும்

திரும்ப எடுத்த பாடத்தில் பழைய கிரேடு அழிந்துவிடும் என்று இன்றும் சொல்லித் திரிகிறார்கள். 2017 மே மாதத்தோடு அந்தச் சலுகை போய்விட்டது. எடுத்த எல்லா முறையும் கணக்கில் வரும். அறிவியல் பாடக் கிரேடுகளின் சராசரியான அறிவியல் ஜி.பி.ஏ.யில் கணிதம் சேராது; ஆம்காஸில் சேரும். கால்குலஸில் ஜொலித்தவருக்கு இங்கே எண் சற்று இறங்கும், தடுமாறியவருக்கு ஏறும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று பதற வேண்டாம்.

எம்கேட் மதிப்பெண் 472 முதல் 528 வரை. டி.ஓ. கல்லூரிகளில் சேர்பவர்களின் சராசரி 500ஐத் தாண்டிச் சில புள்ளிகள், எம்.டி.யில் 510க்குச் சற்று மேல். ஆம்காஸுக்கு மதிப்பெண் தானாகவே போய்விடும். ஏ.ஏ.கோமாஸுக்குப் போகாது. எம்கேட் நடத்தும் அமைப்பின் தளத்தில் நுழைந்து நீங்களே அனுப்பச் சொல்ல வேண்டும். அனுப்பியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஆகஸ்ட் வரை இருப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. மறுபடி தேர்வு எழுதினால் மறுபடி அனுப்ப வேண்டும்.

பரிந்துரைக் கடிதங்கள் ஆறு வரை போகலாம். அறிவியல் பேராசிரியர் இருவர், மருத்துவர் ஒருவர் என்பது பொதுவான கோரிக்கை. அந்த மருத்துவர் டி.ஓ.வாக இருக்க வேண்டும் என்று சில கல்லூரிகள் கட்டாயமாக்குகின்றன, பல விரும்புகின்றன. சரிபார்ப்புக்குக் கடிதம் தேவையில்லை என்பதால் அதற்காகச் சமர்ப்பிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். கடிதம் நிறுவனத்தின் தலைப்புத்தாளில், தேதியும் கையெழுத்துமாக இருக்க வேண்டும். அவசரத்தில் மருத்துவர் வெறும் மின்னஞ்சல் பத்தியாக அனுப்பியதைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை.

செகண்டரி

சரிபார்ப்பு முடிந்ததும் ஒவ்வொரு கல்லூரியும் தன் கேள்விகளை அனுப்பும்; இந்த இரண்டாம் கட்ட விண்ணப்பம்தான் செகண்டரி. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் 50 முதல் 100 டாலர். வடிகட்டி அனுப்பும் கல்லூரிகளும் உண்டு. விண்ணப்பித்த அனைவருக்கும் அனுப்பிக் காசு பார்க்கும் கல்லூரிகளும் உண்டு. எனவே செகண்டரி வந்துவிட்டது என்று இனிப்பு வாங்க வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் பதில் போக வேண்டும். "ஏன் டி.ஓ.?", "ஏன் எங்கள் கல்லூரி?", "தோல்வி ஒன்றைச் சொல்" ஆகிய மூன்றும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் வரும். சரிபார்ப்புக்குக் காத்திருக்கும் வாரங்களில் எழுதி வைத்துவிடலாம். சில கல்லூரிகள் காஸ்பர் எனும் சூழ்நிலைத் தேர்வையும் கேட்கின்றன. அதன் முடிவு கல்லூரிக்குப் போய்ச் சேராமல் விண்ணப்பம் முழுமையடையாது.

இரண்டாவது கேள்விக்குக் கல்லூரித் தளத்தின் முதல் பக்கத்தை மனப்பாடம் செய்து எழுதுவதால் பயனில்லை. கென்டகியின் பைக்வில் கல்லூரி, அப்பலாச்சிய மலைக் கிராமங்களுக்கு மருத்துவர்களை உருவாக்குவதற்கென்றே இருப்பது. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் 2020இல் டாலகுவாவில் செரோக்கி பழங்குடி அரசோடு சேர்ந்து ஒரு வளாகம் தொடங்கியது. அதன் நோக்கம் பழங்குடி, கிராமப்புற மருத்துவம். நியூ ஜெர்சி புறநகரிலேயே பிறந்து வளர்ந்தவர் இங்கெல்லாம் விண்ணப்பிக்கக் கூடாது என்பதில்லை. கிராம கிளினிக் ஒன்றில் நூறு மணி நேரமாவது நின்றதைக் காட்ட முடியாவிட்டால் அந்தக் கட்டணம் வீண்.

நேர்காணல்

2020க்குப் பிறகு பெரும்பாலானவை திரையில்தான். மூன்று வகை. இருவரோ மூவரோ சேர்ந்து அரை மணி நேரம் பேசும் குழு நேர்காணல்தான் டி.ஓ. கல்லூரிகளில் அதிகம் காணப்படுவது. பெரும்பாலும் ஒரு டி.ஓ. மருத்துவரும் ஒரு அறிவியல் பேராசிரியரும் இருப்பார்கள். அடுத்தது தனிநபர் நேர்காணல். மூன்றாவது எம்.எம்.ஐ.: கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிறந்த முறை. ஐந்து முதல் பத்து நிலையங்கள், கேள்வியைப் படிக்க இரண்டு நிமிடம், பேச ஐந்து முதல் எட்டு நிமிடம். எம்.எம்.ஐ.யில் தோற்பவர்கள் பெரும்பாலும் விடை தெரியாமல் தோற்பதில்லை. முதல் முப்பது விநாடியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டு, மீதி நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். யார் யாருக்கு என்ன பாதிப்பு, எனக்கு இன்னும் என்ன தெரிய வேண்டும், இப்போதைக்கு என்ன செய்வேன் என்று அந்த வரிசையில் போனால் நேரம் தானே நிரம்பும்.

நேர்காணல் செய்பவர்கள் உங்கள் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு வருகிறார்களா, படிக்காமலா என்பதை அழைப்பு மின்னஞ்சலிலேயே பாருங்கள். இல்லையென்றால் கேட்டுவிடலாம், தவறில்லை. படித்து வருபவர்கள் குறைந்த கிரேடைத்தான் முதலில் தொடுவார்கள். என்ன நடந்தது என்று ஒரு வாக்கியம், என்ன மாற்றினீர்கள் என்று இரண்டு வாக்கியம், அதன் பிறகு வந்த கிரேடு. அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பேராசிரியரைக் குறை சொன்னால் கதை முடிந்தது.

"ஏன் டி.ஓ.?" கட்டாயம் வரும். "நோயாளியை முழு மனிதராகப் பார்க்கிறார்கள்" என்ற ஒற்றை வரியை அவர்கள் அன்று காலையிலேயே நான்கு முறை கேட்டிருப்பார்கள். அது எம்.டி.க்கள் அப்படிப் பார்ப்பதில்லை என்ற பொருளையும் தருகிறது. அறையில் உள்ள டி.ஓ.வின் கணவரோ மனைவியோ எம்.டி.யாக இருக்கலாம். எடுபடுவது கண்ணால் கண்டதுதான். டி.ஓ. ஒருவரின் பின்னால் நின்று பார்த்தபோது, முதுகுவலிக்காரரின் தசையை இறுக்கித் தளர்த்தச் சொல்லி எப்படிச் சிகிச்சை செய்தார், அதற்கு முன் எங்கெங்கே தொட்டுப் பார்த்தார், எப்போது கைச்சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்தார் என்று சொன்னால், அமைப்பும் செயல்பாடும் ஒன்றையொன்று சார்ந்தவை என்ற அவர்களின் கோட்பாட்டை நீங்கள் மனப்பாடமாக ஒப்பிக்கத் தேவையே இல்லை.

கைச்சிகிச்சைக்கு ஆதாரம் உண்டா என்று எதிர்க்கேள்வி போடுபவர்களும் உண்டு. தாழ்முதுகு வலியில் ஆதாரம் ஓரளவு வலுவானது. மண்டை ஓட்டைத் தொட்டுச் செய்யும் முறை டி.ஓ.க்களுக்குள்ளேயே சர்ச்சையில் உள்ளது. இதை மரியாதையாகச் சொல்பவரைக் குறைத்து மதிப்பிட மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு புகழ்பவரைத்தான் சந்தேகிப்பார்கள்.

வரலாறும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892இல் மிசோரியின் கர்க்ஸ்வில்லில் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1962இல் கலிபோர்னியாவில் டி.ஓ.க்கள் 65 டாலர் கட்டி எம்.டி. என்று மாற்றிக்கொள்ளலாம் என்று வந்தது, ஆயிரக்கணக்கானோர் மாற்றிக்கொண்டார்கள். 1974இல் அந்த மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் அங்கே புதிய டி.ஓ.க்களுக்கு மீண்டும் உரிமம் கிடைத்தது. இந்தத் தொழில் தன் பெயரைப் பற்றி ஏன் இவ்வளவு கவனமாக இருக்கிறது என்பது இது தெரிந்தால் புரியும்.

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி?" என்பார்கள். தளத்தில் இருப்பதைக் கேட்டு அதை வீணாக்காதீர்கள். பல டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. மூன்றாம், நான்காம் ஆண்டுப் பயிற்சி வேறு ஊர்களில், சில சமயம் வேறு மாநிலத்தில் நடக்கும். பயிற்சி இடங்களைக் கல்லூரி ஒதுக்குகிறதா, குலுக்கலா, மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமா? ரெசிடென்ட்களோடு சேர்ந்து உள்நோயாளிகளைப் பார்க்கும் வாய்ப்பு எத்தனை மாதம்? டி.ஓ.க்களின் உரிமத் தேர்வான கோம்லெக்ஸோடு, எம்.டி.க்களின் உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யும் எழுதுபவர்களுக்குப் படிப்பு நேரம் ஒதுக்குகிறார்களா? போட்டி மிகுந்த துறைகளின் ரெசிடென்சித் திட்டங்கள் பல இன்னும் இரண்டாவதைக் கேட்கின்றன, டி.ஓ. மாணவர் இரண்டு தேர்வுக்கும் தனித்தனியே பணம் கட்டி எழுதுகிறார். கோம்லெக்ஸ் தேர்ச்சி விகிதத்தையும் ரெசிடென்சி கிடைத்த விகிதத்தையும் கல்லூரிகள் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும். அதைப் பார்த்துவிட்டுப் போய், எண் இறங்கிய வருடத்தைப் பற்றிக் கேளுங்கள். முதல் மாணவர் அணி இன்னும் பட்டம் பெறாத புதிய கல்லூரியில் அந்த எண்களே இருக்காது. அங்கே பயிற்சி மருத்துவமனைகளோடு கையெழுத்தான ஒப்பந்தம் எத்தனை என்று கேட்க வேண்டும்.

இடம் கிடைத்த பிறகு

பல கல்லூரிகள் நேர்காணல் முடிந்து சில வாரங்களிலேயே பதில் சொல்லிவிடுகின்றன. அந்த வேகத்துக்குப் பாராட்டு. ஆனால் உடனே முன்பணம் கேட்பார்கள். எம்.டி. பக்கம் இது பெரும்பாலும் 100 டாலரை ஒட்டியது, திரும்பக் கிடைப்பது. டி.ஓ. பக்கம் தனியார் கல்லூரிகள் பலவற்றில் ஆயிரம் டாலருக்கு மேல், திரும்பாது. சேர்க்கைப் பருவத்தின் தொடக்கத்தில் இடம் கிடைத்தவருக்குக் கட்ட அவகாசம் அதிகம்; பருவம் நகர நகர அது இரண்டு வாரமாகச் சுருங்கும். வேறு கல்லூரியின் பதிலுக்குக் காத்திருப்பவர் இரண்டு இடத்தில் கட்டி ஒன்றை இழப்பது சகஜம். முன்கூட்டியே விண்ணப்பிப்பதன் லாபம் இங்கேயும் தெரியும்.

பட்ஜெட் போடுபவர்கள் 2026 ஜூலை 1 முதலான மாற்றத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் எனும் மத்திய அரசுக் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் வரைதான். தனியார் டி.ஓ. கல்லூரிகள் பலவற்றில் கல்விக் கட்டணமே அந்த ஆண்டு வரம்பைத் தாண்டுகிறது, வாடகையும் சாப்பாடும் தனி. மிச்சத்துக்குத் தனியார் வங்கிக் கடனா, கல்லூரியின் உதவித்தொகையா என்று முன்பணம் கட்டும் முன் நிதி உதவி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.